பெட்ரோல் புருஷன், மின்சாரப் பெண்டாட்டி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் வம்பைத் தேடி எங்கேயும் போகவேண்டாம். வம்பே நடந்து வந்து, "அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல எடுங்க" என்று நீட்டும். யார் வீட்டை விற்கிறார்கள், யாருக்கு மெமோ வந்திருக்கிறது, எந்தப் பையன் ஜாதகத்தில் வயதைக் குறைத்திருக்கிறார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். நான் எதையும் படிப்பதில்லை. கண்ணில் படுவதை விடுவதுமில்லை, அவ்வளவுதான்.

என் கடைக்கு நேரெதிரே வேகமணி மோட்டார்ஸ் ஷோரூம். நடத்துகிறவர் அருள்பிரகாசம். அவர் நாசரேத், நான் கோவில்பட்டி, இரண்டும் தெற்கத்திச் சீமை. அதனால் பார்க்கும்போதெல்லாம் "என்ன வே ராமசுப்பு" என்பார். நகல் காசில் பாதியைத் தள்ளுபடியாகவும் எடுத்துக்கொள்வார்.

அந்த ஷோரூமில் ரவிக்குமாரும் சினேகாவும் கார் விற்றார்கள். அவன் திருவொற்றியூர் கடலோரக் குப்பத்துப் பையன், அவள் முகத்துவாரக்குப்பம். இரண்டு பேரும் அங்கேதான் பழகினார்கள், அங்கிருந்தேதான் கல்யாணத்துக்கு லீவு போட்டார்கள். பத்திரிகைக்கு ஜெராக்ஸ் போதும் என்று ரவி சொன்னதும், அவள் அவனைப் பார்த்த பார்வையும் என் கடையில் நடந்தவை. கடைசியில் அச்சடித்தார்கள். மதியம் ஒன்றரை மணிக்கு சர்வீஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரே கேரியரைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். மீன் குழம்பு வாசம் சாலையைத் தாண்டி என் தயிர்சாதத்தை அவமானப்படுத்தும்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்கு எதிர்காலம் பற்றிய கவலை வந்தது.

தலைமையகத்திலிருந்து எழிலன் என்ற அதிகாரி வந்தார். பதவியின் பெயர் 'சேனல் தூய்மை அதிகாரி'. சேனல் என்றால் கம்பெனிப் பாஷையில் விற்பனைப் பிரிவு. அவர் பேச்சைக் கேட்க எனக்கு அழைப்பில்லை. கையேடு அறுபது பிரதி எடுத்துக்கொண்டு போனவன், ரசீதுக்காக நிற்பது போல நின்றேன்.

"நண்பர்களே, மனம் திறந்து பேசுகிறேன்" என்றார் எழிலன். "பெட்ரோல் கார் விற்ற பிறகும் நம்மிடம் வந்துகொண்டே இருக்கும். ஆயில் மாற்றுவோம், ஃபில்டர் மாற்றுவோம், மாற்றாததையும் மாற்றியதாக எழுதுவோம். டீலர் பிழைப்பே அதில்தான். மின்சாரக் காரில் ஆயிலே இல்லை. வாங்கிப்போனவர் திரும்பி வரமாட்டார். அதை நீங்கள் மனதார விற்பீர்களா? 'ரெண்டு வருஷம் போகட்டும் சார், டெக்னாலஜி செட் ஆகட்டும்' என்று சொல்லி அனுப்பிவிடுவீர்கள். ஆகவே விற்பவர்களைப் பிரிக்கிறோம். இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வாடிக்கையாளர் விலையை ஒப்பிடுவார். தனியாக நிறுத்தினால் எதிர்காலத்தைப் பார்ப்பார். ஆகவே வாங்குபவர்களையும் பிரிக்கிறோம். முதலீட்டாளர்களுக்கும் இதுதான் பிடிக்கும். பழைய கம்பெனி என்றால் லாபம் எங்கே என்று கேட்கிறார்கள். புதுக் கம்பெனி என்றால் நஷ்டத்தைக்கூடத் தொலைநோக்கு என்கிறார்கள்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ரசீது வரவேண்டியிருந்தது.

மின்சாரக் கார்களுக்குத் தனி அடையாளம், தனிப் பெயர். பெயர்: 'வே'. ஒற்றை எழுத்து. மூன்று விளம்பர நிறுவனங்கள் பதினொரு மாதம் யோசித்ததாம். அருள்பிரகாசம் என் காதில் கிசுகிசுத்தார்: "எங்க ஊர்ல மாட்டைக் கட்டுறவன்கூட ஒரு நாளைக்கு நூறு தடவை சும்மாவே சொல்லுவான் வே."

ஷோரூமை நடுவில் இரண்டாக்கினார்கள். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். கதவு இல்லை. சாலையைப் பார்த்த பெரிய வாசல் மின்சாரத்துக்கு. டயர் அடுக்கியிருக்கும் பக்கவாட்டுச் சந்து பெட்ரோலுக்கு. அங்கே எலுமிச்சைப் புல் வாசனை, இங்கே எண்ணூர்த் தூசி. அங்கே விற்பவர்களுக்கு 'பயணத் தோழர்' என்று பெயர். இங்கே 'மரபு ஆலோசகர்'. ஒரு பக்கத்து ஆளுக்கு மறுபக்கத்துக் காரைப் பற்றி எதுவும் தெரியக்கூடாது, தெரிந்தால் குற்றம்.

கழிப்பறை ஒன்றுதான், அது பெட்ரோல் பக்கம். மின்சாரப் பக்கத்தவர்கள் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிச் சாலையில் இறங்கிச் சுற்றிப் போனார்கள். ஜெனரேட்டரும் பெட்ரோல் பக்கம். அது டீசலில் ஓடுவதால் அந்த மின்சாரம் கம்பெனிக் கொள்கைக்கு ஒவ்வாது என்று எழிலன் எழுதிக்கொடுத்துவிட்டார். ஆகையால் கரண்ட் போனால் பெட்ரோல் கார்கள் பளபளவென்று நிற்கும். மின்சாரக் கார்கள் இருட்டில் நிற்கும். சினேகா செல்போன் வெளிச்சத்தில் எதிர்காலத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஆமாம், அவளை அந்தப் பக்கம் போட்டார்கள். இங்கிலீஷ் பேசுவாள் என்று காரணம் சொன்னார்கள். ரவியை இந்தப் பக்கம். அவன் பற்றிய குறிப்பை நான்தான் நகல் எடுத்தேன்: 'விற்பனைத் திறன் சிறப்பு. வியர்க்கிறது.'

அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கணவனும் மனைவியும் இரு வேறு சேனல்களில் இருக்கக்கூடாது, ஒருவர் விலகவேண்டும். ஒரே தலையணையில் இரண்டு சேனல் படுத்தால் தகவல் கசியும் என்று எழிலன் விளக்கினார். சட்டப்படி அல்லது சமூகப்படி பிரிந்து வாழ்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சான்று இணைக்கவும்.

ஒருவர் சம்பளம் வாடகை, மற்றவர் சம்பளம் சோறு. எதை விடுவது? இரண்டு பேரும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும்" என்றாள் சினேகா.

"கோர்ட்டு எதுக்கு மே? உங்க ஊரு பஞ்சாயத்து கீதே! லெட்டர்பேடு, சீலு எல்லாம் கீது. 'சமூகப்படி'ன்னுதான போட்டுகீறான்?"

"யோவ், பஞ்சாயத்துல போயி இன்னான்னு சொல்லுவ?"

"புருஷன் கலீஜுன்னு சொல்லு. நம்புவாங்க."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மீனவர் குப்பத்தில் பஞ்சாயத்து என்பது கையெழுத்து வாங்கும் ஜன்னல் இல்லை என்பதை அந்த ஊர்ப் பிள்ளைகளே மறந்துபோனதுதான் வேடிக்கை. முகத்துவாரக்குப்பத்துத் தலைவர் குமாரவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "எங்க புக்குல பொய்யி எழுத மாட்டோம் நைனா. பிரிஞ்சிகீறாங்கன்னு எழுதணும்னா பிரிஞ்சிதான் இருக்கணும். சீரு பாத்திரம் பொண்ணு வூட்டுக்கு வந்துரணும். வந்த அன்னிக்கு எழுதித் தரேன்."

"ரெண்டு மாசம்தானே அண்ணாச்சி" என்றான் ரவி என்னிடம். "கம்பெனிக்காரன் எத்தினி கூத்து கட்டினான். இதுவும் புட்டுக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் அண்டா, குத்துவிளக்கு, இட்லிப் பானை எல்லாம் ஏறின. குத்துவிளக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரவி மைக்கில் பேசுவது போல, "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்றான். அவள் ஆட்டோவுக்குள் குனிந்து குனிந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிரிந்த தம்பதியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சான்றை மூன்று நகல் எடுத்தேன். வட்ட முத்திரை நன்றாகவே விழுந்திருந்தது.

எழிலன் சும்மா விடுகிற ஆளா? மாதம் ஒருமுறை விடியற்காலையில் முகத்துவாரக்குப்பத்துக்குப் போய்ச் செருப்புகளை எண்ணினார். ஆண் செருப்பு ஒன்று இருந்தது. அது அவள் அப்பாவுடையது என்று நிரூபிக்க அவரை நடந்து காட்டச் சொன்னார். இந்தப் பக்கம் ரவியின் வீட்டில் சீப்பைப் பார்த்தார். நீள முடி இருக்கிறதா என்று.

ஆக, கல்யாணமாகி நான்கு வருடமான புருஷனும் பெண்டாட்டியும் சந்திக்க ஊரில் மிச்சமிருந்த ஒரே இடம் என் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் இருந்த மூன்றடி இடம். ஆளுக்கொரு காகிதத்தோடு வருவார்கள். ஒரே ரேஷன் கார்டைப் பதினேழு நாள் நகல் எடுத்தார்கள். நான் ஸ்டேப்ளரைத் தேடுவது போலத் திரும்பிக்கொள்வேன். காதைத் திருப்ப முடியுமா?

"இளைச்சிட்டியே."

"நீதான் பவுடர் பூசிக்கினு ஏசில நிக்கிற. நான் சந்துல நிக்கிறேன்."

"நாளு முழுக்க தயிர்சாதமாய்யா துன்ற?"

"அண்ணாச்சி வாங்குற மெஸ்ஸுதான். கேளு அவர."

ஷோரூமுக்குள் பேச்சு கிடையாது. ஆனால் ஒன்றரை மணிக்கு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், பிறகு உள்ளங்கையை விரிப்பாள். சாப்பிட்டாயா? இவன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான். சாப்பிடாத நாளிலும் தட்டுவான். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. சாலைக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்க்காமல் நானும் சாப்பிட உட்காரமாட்டேன்.

இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று.

அப்போதுதான் மங்கை வந்தாள். காசிமேட்டில் கருவாட்டு வியாபாரம். முதல் வண்டியை ரவியிடம் வாங்கியவள். சந்து வழியாக நேரே அவனிடம் வந்தாள்.

"இன்னாப்பா ரவி, இந்தக் கரண்டு காரு எப்டி?"

ரவி கையேட்டில் உள்ளபடி சொன்னான்: "அந்த மாதிரி வாகனம் பத்தி எனக்குத் தகவல் இல்ல மேடம்."

"உன் பின்னால நிக்கிதே நீலமா, அது இன்னா, ஃபிரிட்ஜா?"

"எனக்குத் தெரியாது மேடம்."

"கண்ணு டாக்டராண்ட போ நைனா" என்று சொல்லிவிட்டு மங்கை சாலையில் இறங்கி, சுற்றி, பெரிய வாசல் வழியாக நுழைந்தாள். மணி அப்போது ஒன்றரை தாண்டியிருந்தது. அதற்குச் சற்று முன்னால்தான், மங்கை ரவியின் எதிரே உட்கார்ந்திருந்தபோது, சினேகா கண்ணாடிக்கு வந்து வழக்கம்போலக் கையைக் காட்டியிருந்தாள். மங்கை அந்த நீலக் காரை அன்றே பதிவு செய்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. கேமராப் பதிவை எழிலன் பார்த்திருக்கிறார். 'பெட்ரோல் சேனல் வாடிக்கையாளரை மின்சாரச் சேனல் ஊழியர் கண்ணாடி வழியே கை காட்டி அழைத்தது.' அந்தச் சைகை யாருக்கு, எதற்கு என்று மரபு ஆலோசகர் எழுத்து மூலம் விளக்கவேண்டும். பிரிவுச் சான்று தந்த பிறகும் சைகை செய்தவருக்கும் தனக்கும் உறவு ஏதும் உண்டா என்பதையும் குறிப்பிடவேண்டும்.

ரவி நோட்டீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும்; தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதித் தருவது.

"அவ எனக்குத்தான் காட்டினான்னு எழுதினா இன்னும் புருஷன் பொண்டாட்டியாத்தான் கீறோம்னு தெரிஞ்சிடும். ரெண்டு வேலையும் பூடும்" என்றான். "மங்கைக்குக் காட்டினான்னு எழுதினா சினேகாவுக்கு ஒரு வார்னிங். அவ்ளோதான?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோயேன்."

"நாலு மணிக்குள்ள குடுக்கணுமாம். அவ டெமோ ரைடுல கீறா. டெமோவுக்குப் போறப்போ போன வாங்கி வெச்சிக்கிறானுங்க."

உறவு என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் சாலையில் போன கண்டெய்னர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரி முழுக்கப் போய் முடிந்த பிறகு, "இல்லன்னு போடுங்க அண்ணாச்சி" என்றான்.

'எவ்வித உறவும் இல்லை' என்று எழுதினேன். சும்மா 'இல்லை' என்றுகூட எழுதியிருக்கலாம். எழுத்து அழகாக வரவேண்டும் என்ற ஆசை.

விசாரணை என்றால் கம்பெனியில் சும்மா இல்லை. எழிலன் இரண்டு பேரையும் கண்ணாடிக்கு இருபுறமும் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி வைத்து நடத்தினார். அருள்பிரகாசம் சாயங்காலம் வந்து எனக்கு ஒன்று விடாமல் சொன்னார். காகிதம் படிக்கப்பட்டது. "இது உங்கள் வாக்குமூலம்தானா?" ஆமாம் சார். "இவருக்கும் உங்களுக்கும் உறவு?" இல்ல சார். எல்லாம் எதிர்பார்த்ததுதான், அவளும் தலையைக் குனிந்தபடி நின்றிருக்கிறாள். பிறகு எழிலன் அந்தக் காட்சியைத் திரையில் நிறுத்தி, குவித்த விரல்களைப் பெரிதாக்கி, காகிதத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாராம்.

"இந்தக் கைக்கு என்ன அர்த்தம்?"

"எனக்குத் தெரியாது சார்" என்றிருக்கிறான் ரவி.

அப்போது அவள் நிமிர்ந்தாளாம். "அந்தப் புள்ள பார்த்த பார்வை இருக்கே வே" என்று ஆரம்பித்த அருள்பிரகாசம் முடிக்கவில்லை. காசு கேட்காமலே கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சினேகா கடைக்கு வந்தாள். கையில் அந்தக் காகிதத்தின் நகல்.

"இது உங்க கையெழுத்துதானே அண்ணாச்சி?"

"ஆமா தாயி. வேலையைக் காப்பாத்தத்தான்..."

"அது எனக்குத் தெரியாதா? எழுதினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல." காகிதத்தை நான்காக மடித்தாள். "அந்தக் கை எதுக்குன்னு தெரியாதுன்னு சொல்ட்டாரு. வேற எதுனா சொல்லிருக்கலாம். கொசு அடிச்சா, தல சீவினான்னு எதுனா. தெரியாதுன்னு சொல்ட்டாரு."

மடித்ததை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு ரேஷன் கார்டுக்கு யாரும் நகல் எடுக்கவில்லை. ரவி மட்டும் வந்து மிஷினுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போவான். ஒன்றரை மணிக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் நிற்பான். அந்தப் பக்கம் எலுமிச்சைப் புல் வாசனை மட்டும் நிற்கும். போன் போட்டால் எடுப்பாள். "சொல்லுங்க" என்பாள். பயணத் தோழியின் குரல். அந்த வருடம் மின்சாரச் சேனலின் சிறந்த ஊழியர் விருது அவளுக்குத்தான் வந்தது. சான்றிதழை நகல் எடுக்க வேறு கடைக்குப் போனாள்.

மேலும் ஒரு வருடம் போயிற்று. எழிலன் மறுபடி வந்தார். இந்த முறை கையேடு நாற்பது பிரதிதான். மீதிப் பேர் வேலையில் இல்லை.

"நண்பர்களே, மனம் திறந்து பேசுகிறேன். வாடிக்கையாளர்கள் இரண்டு காரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க விரும்புகிறார்கள். எது நல்லது என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. இரண்டையும் தெரிந்தவர் எவரும் இருக்கக்கூடாது என்று நாம்தான் பார்த்துக்கொண்டோம். இரண்டு வாடகை, இரண்டு காப்பி மெஷின். முதலீட்டாளர்களும் இப்போது லாபம் எங்கே என்று புதுக் கம்பெனியையும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே இன்றுமுதல் நாம் ஒரே குடும்பம். பிரிவு என்பது ஒரு கற்றல் அனுபவம். அதனால் எவருக்கும் எந்த இழப்பும் இல்லை."

கைதட்டினார்கள். கண்ணாடியை அன்று மாலையே கழற்றி லாரியில் ஏற்றினார்கள். எழிலனுக்கு 'குடும்ப ஒருங்கிணைப்பு அதிகாரி' என்று பதவி உயர்வு.

ரவி சாலையை ஓடிக் கடந்து வந்தான். கையில் படிவம். பிரிந்ததாகப் பதிவாகியுள்ள தம்பதியர் மீண்டும் சேர்ந்துவிட்டால், முன்பு சான்று தந்த அதே அமைப்பிடம் புதுச் சான்று பெற்று இணைக்கவும். முந்தைய சான்று பொய் என்று தெரிந்தால் பணிநீக்கம்.

"பிரிஞ்சது நெசம், சேர்ந்ததும் நெசம்னு எழுதி வாங்கிக்கினா போதுமாம் அண்ணாச்சி. நீங்களும் வாங்க. நீங்க சொன்னா கேப்பா."

ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரக்குப்பம் போனோம். கழிமுகத்தைப் பார்த்த சமுதாயக் கூடம். அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். ரவி புதுச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக் கோடு கலையவில்லை. சினேகா அம்மாவோடு வந்து தூணோரம் நின்றாள். நான் கும்பிட்டேன். அவளும் கும்பிட்டாள்.

குமாரவேல் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"கம்பெனிக்கு இன்னா வேணுமோ அத அப்பால பார்க்கலாம். எங்க புக்குல ஒண்ண அடிக்கணும்னா ரெண்டு பேரும் வாய தொறந்து சொல்லணும். அன்னிக்கு இங்க எழுதினது பொய்யா, மெய்யா? ரவி, நீ சொல்லு."

ரவி கம்பெனியை மறந்துவிட்டான். "பொய்யி தலைவரே. சத்தியமா பொய்யி. வேலைக்காவ எழுதினது. ஒரு நாளு கூட நான் பிரிஞ்சி இல்ல."

"சினேகா, நீ சொல்லும்மா."

வெளியே யாரோ படகின் மோட்டாரை இழுத்து முடுக்கினார்கள். அது கிளம்பிப் போகிறவரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"அன்னிக்குப் பொய்தான்" என்றாள். "இப்போ பொய்யில்ல."

"சினேகா" என்றான் ரவி. "அந்தக் கை எதுக்குன்னு எனக்குத் தெரியும்மே."

"தெரியும். எனக்கும் தெரியும் உனக்குத் தெரியும்னு." கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அன்னிக்கு அத்தினி பேரு முன்னால நான் ஒருத்திதான் அது தெரிஞ்சவளா நின்னேன்."

குமாரவேல் புத்தகத்தை மூடினார். ஒன்றும் அடிக்கவில்லை. நான் பையில் கொண்டுபோயிருந்த மூன்று வெள்ளைத்தாளும் அப்படியே திரும்பி வந்தன. ரவி பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். நான் வழக்கமாக ஏதாவது கேட்பேன். அன்று கேட்கவில்லை.

பதிவில் மாற்றம் எதுவும் இல்லை என்பதால் கம்பெனிக்குச் சங்கடமும் இல்லை. பதிவேடு சரியாக இருக்கிறது என்று எழிலன் பாராட்டியதாக அருள்பிரகாசம் சொன்னார். இரண்டு பேரும் இப்போது ஒரே தளத்தில், ஒரே சீருடையில், இரண்டு வகைக் காரையும் விற்கிறார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் தரையில் வரிசையாகத் திருகு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் அதை மிதித்துப் போகிறார்கள். அவர்கள் இருவரும் மிதிப்பதில்லை.

நேற்று ஒன்றரை மணிக்கு நான் தயிர்சாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ரவி அந்த ஓட்டைகளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனான். உள்ளங்கையை விரித்தான்.

சினேகா பார்த்தாள். பிறகு, எந்த வாடிக்கையாளரைக் கூப்பிடுகிறான் என்பது போல, தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே யாரும் இல்லை.